மாடித் தொட்டிக்குப் போகும் வயர்

மாடிப்படியின் கைப்பிடி ஓரமாகக் கட்டியிருந்த நீள வயரை அவளுடைய நாத்தனாரின் கணவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஐஸ் பெட்டி வந்து இறங்கிவிட்டது. பிளக் பாயின்ட் தூரத்து மூலையில். பெட்டியின் வயர் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே எக்ஸ்டென்ஷன் இதுதான். நல்ல மனிதர், எந்த வீட்டில் சாவு என்றாலும் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர். அந்த வயரில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் பார்க்கவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியும். மொட்டைமாடியில் மீன் தொட்டியின் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர், ஓய்வுபெற்ற கையோடு அந்தத் தொட்டி வேலையில் இறங்கிவிட்டார். கீழே மீன், மேலே ஜல்லி நிரப்பிய தட்டுகளில் கீரையும் தக்காளியும். மீன் அழுக்காக்கிய தண்ணீரைப் பம்ப் மேலே தள்ளும். செடிகள் வேண்டியதை எடுத்துக்கொண்டு தெளிந்த தண்ணீரைக் கீழே விடும். முதல் தடவை தட்டைத் தொட்டியைவிடத் தாழ்வாக வைத்துவிட்டு, தண்ணீர் ஏன் திரும்பி வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். ஆயுசு முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கியவருக்கு, தண்ணீர் தானாக ஏறாது என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பேச ஒரு விஷயம் கிடைத்தது அவர்களுக்கு.

கரண்ட் போனால் ஆளுக்கொரு சொம்போடு எதிரெதிரே உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அப்படிக் காற்றுக் கலந்தால்தான் மீன் பிழைக்கும்.

பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தாள். "மாடியில பம்ப் நின்னுபோச்சு. மீனுக்கெல்லாம் மூச்சு முட்டும்."

நாத்தனாரின் கண்கள் வீங்கியிருந்தன. "எங்கண்ணன் இங்க கெடக்கறாரு. மீனப் பத்திப் பேசற நேரமா அண்ணி இது?"

இத்தனை பேருக்கு நடுவில் மீனுக்காக வயர் இரவல் கேட்டால், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி அவள் எழுந்து மாடிக்குப் போனாள்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று ஏற்கெனவே பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அவள் சொம்பை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள். இரண்டு பேர் செய்த வேலை. ஒருத்தி ஊற்றுகிற வேகம் போதவில்லை. தோள் கடுத்தது. சீக்கிரம் எடுத்துவிட்டால் வயர் கிடைக்குமே என்று நினைத்தாள்.

கை நின்றது. தாலி கட்டினவர் கீழே கிடக்கிறார், அவரைச் சீக்கிரம் கொண்டுபோகட்டும் என்று நினைக்கிறாள். அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பாக இருந்தது. காலையிலிருந்து எட்டிப் பார்க்காத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே மறுபடி மொண்டாள்.

தேடிக்கொண்டு வந்த நாத்தனார் படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எடுக்கப் போறாங்க அண்ணி. வந்து முகத்தப் பாத்துக்கங்க."

கீழே பெட்டியைத் திறந்திருந்தார்கள். அவருடைய நெற்றியில் கை வைத்தாள். கையைத் துடைக்க மறந்திருந்தாள், நெற்றி ஈரமானது. யாரோ அவளைப் பிடித்து மெதுவாக விலக்கினார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

கூடத்தில் அவளும் காலிப் பெட்டியும் மட்டும்தான். வெளியே வண்டியின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து பிளக்குகளைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு முனையை மூலைப் பாயின்டில் செருகிவிட்டு, படி படியாக அவிழ்த்துவிட்டபடி மேலே ஏறினாள். வாசலிலிருந்து நாத்தனார் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டாள். வண்டி கிளம்பியது.

அவள் அப்போது தொட்டியின் பின்னால் மண்டியிட்டு, பம்ப் பிளக்கைச் செருகிக்கொண்டிருந்தாள். வண்டி தெருமுனை திரும்புவதை அவள் பார்க்கவில்லை.

குழாய் முதலில் காற்றைத்தான் துப்பியது. தண்ணீர் வரட்டும் என்று அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.