முப்பத்தொன்பது ஆட்டங்கள்

ஹார்வெஸ்டர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி கோப்பை வென்றது ஒரே ஒரு முறை, 1974இல். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டால் வருடா வருடம் ஜெயித்தவர்கள் என்றே தோன்றும். இப்போது ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அரங்கத்துச் சுவரில் வெற்றி வரலாறு என்று பெரிய பலகை வைக்கப்போகிறார்கள். ஒற்றை வெற்றிக்கு எதற்கு அத்தனை பெரிய பலகை என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைய கோச் மர்டோ லெய்ட்லாவுக்கு எண்பத்தைந்து வயது. இந்தப் பனியில் வண்டி எடுக்காதே என்று மகள் திட்டியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தன் பழைய ஆட்டக்காரன் ஓரெஸ்ட் ஹிரிங்கிவின் கோதுமைப் பண்ணைக்குக் கிளம்பிவிட்டார். சட்டைப்பையில் லீக்கின் கடிதம் இருந்தது. நாற்பது ஆட்டம் ஆடியவன் பெயரைத்தான் கோப்பையில் பொறிப்பார்கள். அந்த சீசனில் ஓரெஸ்ட் ஆடியது முப்பத்தொன்பது. மூன்று வருடம் விடாமல் எழுதி எழுதி, இப்போதுதான் மர்டோ விதிவிலக்கு வாங்கியிருந்தார்.

கொட்டகையில் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்த ஓரெஸ்ட் தலையை மட்டும் நீட்டினான்.

"வாங்க கோச். இன்னும் இருக்கீங்களா? போன மாசமே போயிட்டதா சொன்னாங்களே."

"உன்ன ஒரு தடவ திட்டிட்டுப் போலாம்னுதான் இருக்கேன். எந்திரி."

ஓரெஸ்ட் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப எதுக்கு கோச் இது?"

மர்டோ மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன்.

"அடிபட்ட உன் முட்டி அப்பவே சரியாயிருச்சு, ஓரெஸ்ட். சீசனோட கடைசி மேட்சுக்கு முன்னாடியே ஆடலாம்னு டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். உனக்குச் சொல்ல வேணாம்னு நாந்தான் தடுத்தேன்."

"ஏன்?"

"நீ இல்லாம பதினோரு மேட்ச் வரிசையா ஜெயிச்சிருந்தோம்."

மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. காலுறையைக்கூடத் துவைக்கக் கூடாது. ஆளை மாற்றுவதாவது? அந்தப் பதினோரு ஆட்டத்துக்கும் மர்டோ ஒரே டையைக் கட்டிக்கொண்டு நாறினார்.

"அந்த மேட்ச் என்ன ஆச்சு?" என்றான் ஓரெஸ்ட். அவனுக்குத் தெரியாததல்ல.

"அஞ்சு ரெண்டுல தோத்தோம்."

"அப்புறம் பைனல்லயும் என்ன எடுக்கல."

"முட்டி சரியில்லன்னு சொல்லிட்டேன். மறு வாரமே வந்து ஆடுன்னு சொல்ல கௌரவம் விடல. அடுத்த வருஷம் ஜெயிச்சா உன் பேர் வந்துரப்போகுதுன்னு நெனச்சேன்." அந்த அடுத்த வருஷம் ஐம்பது வருடமாக வரவேயில்லை. மர்டோ தலை குனிந்து நின்றார். "தப்புப் பண்ணிட்டேன்டா."

ஓரெஸ்ட் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான்.

"முட்டில எப்படி அடிபட்டுச்சு, தெரியுமா கோச்? எங்க சபைக் கிறிஸ்துமஸ் ஜனவரிலதானே, அதுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். மாடு ஒண்ணு பனியில சறுக்கி விழுந்திருச்சு. தூக்க ஒரு கை குடுடான்னு டாட்டோ கூப்பிட்டார்." அப்பாவை அவன் இன்னும் அப்படித்தான் சொன்னான். "கோப்பை ஒரு நாள் இந்த ஊருக்கு வந்தப்போ, ஒவ்வொரு பேரா விரல வச்சுத் தேடிப் பாத்தார். இல்லன்னதும், உன்னக் கூப்பிட்டிருக்கக் கூடாதுடான்னு அழுதார். அதுக்கப்புறம் எந்த வேலைக்கும் என்னக் கூப்பிட்டதில்ல. ஒத்தையாவே எல்லாத்தையும் தூக்கினார். ஆஸ்பத்திரில கடைசியாப் பேசினதும் அந்த முட்டியப் பத்தித்தான்."

மர்டோ பேச வாயெடுத்தார்.

ஓரெஸ்ட் கடிதத்தை மடித்து அவர் கையிலேயே வைத்தான். கோபமாகக்கூட இல்லை, அதுதான் மர்டோவால் தாங்க முடியவில்லை.

"பேரப் போட்டுக்குங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா மன்னிக்கச் சொல்லி எங்கிட்ட கேக்காதீங்க, கோச். அத நான் குடுக்க முடியாது. குடுக்க வேண்டியவர் போய் நாப்பத்தாறு வருஷம் ஆச்சு."