விலக இடமில்லாத பலகைப் பாதை

“சின்னப் பிள்ளையும் நடக்கும், முழங்கால் வருத்தக்காரரும் நடக்கலாம். ஏற்ற இறக்கமே இல்ல” என்று என் அக்கா அஜந்தா புகழ்ந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அக்கா ஒன்றையும் சும்மா புகழ மாட்டாள்.

சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டுக்காரர் வாவிக்கரைக் கண்டல் காட்டுக்குள் போட்டுக் கொடுத்த பாதை அது. இந்தக் கரையில் ஒரு வாசல், அந்தக் கரையில் ஒரு வாசல், நடுவில் சேற்றுக்கு மேலே பலகை. ஒரு ஆள் போகிற அகலம்தான். “நீ முன்னுக்குப் போ புள்ள, வடிவாப் பார்க்கலாம்” என்றாள் அக்கா. எனக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் அத்தான் உதயரூபன். கைதியைக் கொண்டுபோவது போலத்தான் போனோம்.

பாதி தூரத்தில் எதிரே ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சேர்ட், வெள்ளைக் காற்சட்டை, இரண்டும் அப்போதுதான் அயர்ன் பண்ணியவை. நடக்க வந்தவர் அப்படி உடுத்த மாட்டார்.

“இவர் பேரின்பம்” என்றாள் அக்கா, என் முதுகுக்குப் பின்னால் இருந்து. “பெரியகல்லாத்தில கடை வைச்சிருக்கார். மனுசியச் சுனாமியில பறிகொடுத்தவர். கொஞ்சம் கதைச்சிப் பாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக நிற்கிறவளைப் பெண் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறார்கள். போர் முடிந்த வைகாசியில் என் கணவர் நேசராஜா இராணுவத்திடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்டவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. இந்த மனிதருக்குச் சம்மதம் சொன்னால், நேசராஜா செத்துவிட்டார் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

திரும்பினேன். அக்கா அசையவில்லை. அத்தானோ, பிறந்ததிலிருந்து கண்டல் மரத்தையே காணாதவர் மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு வருசமாச்சு. எத்தின நாளைக்குத்தான் இப்படி இருப்பாய்?” என்றாள் அக்கா.

நான் அந்த மனிதர் பக்கம் திரும்பிக் கேட்டேன். “உங்கட மனுசிட உடம்பு கிடைச்சதா?”

அக்கா என் கையைக் கிள்ளினாள்.

“இல்ல” என்றார் அவர்.

“அப்ப அவ செத்துட்டா எண்டு எப்படித் தெரியும்?”

அவர் தண்ணீரைப் பார்த்தார். “தெரியாது. ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரியாத் தேடினன். எல்லாரும் அவ செத்துட்டா எண்டாங்க, கடைசியில நானும் சொன்னன். சொன்ன பிறகு தேடினா விசரன் எண்டு சிரிக்கிறாங்க. இப்பயும் பஸ்ஸில ஆரும் அவ மாதிரிக் கொண்டை போட்டுக்கொண்டு முன்னுக்கு இருந்தா, இறங்குமட்டும் பார்ப்பன்.”

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அக்கா மேல் போகவில்லை.

“உங்கட அவர் இருக்கார் எண்டு நினைக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“இருக்கார்.”

அவர் செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்தார். அப்படியே கீழே இறங்கினார். வெள்ளைக் காற்சட்டை முழங்கால் வரை சேற்றில் புதைந்தது.

“போங்க” என்றார்.

பாதை திறந்து கிடந்தது. அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை. அவரைக் கடக்கும்போது, அக்காவுக்குக் கேட்காத குரலில் அவர் சொன்னார்.

“அவர் வந்தா எனக்கும் ஒருக்காச் சொல்லி அனுப்புங்க.”

அனுப்புகிறேன் என்றேன். அந்தக் கரை வாசல் வரும்வரை அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். நாலு பலகை தாண்டவில்லை, அழுதுவிட்டேன்.