மூன்று சலங்கை

"முழங்கைய மட்டும் பாருக்கா. மூஞ்சிய பாத்தீன்னா அந்தப் பையன் உஷாராயிடுவான்."

"தெரியும்டி. உனக்குச் சொல்லிக் குடுத்ததே நானு."

"அப்பறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? போன வருசம் இதே எடத்துல நின்னு எங்கள எப்பிடி சிரிக்க வெச்ச."

சுமலதா வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தாள். இவ்வளவு பேச்சிலும் சத்தம் என்று ஒன்று வெளியே வரவில்லை. அவளும் வினோதாவும் உதடுகளை மட்டும்தான் அசைத்தார்கள். பதினோரு வருடமாக அடுத்தடுத்த பிரஸ் மெஷின்களில் நிற்பவர்களுக்கு அது போதும். இரும்புத் தகட்டின் மேல் அச்சு இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் அங்கே தரை அதிரும். கத்தினாலும் கேட்காது என்பதால் யாரும் கத்துவதில்லை. நான்கடி தள்ளி நின்ற சூப்பர்வைசர் மாதேஷ், பெண்கள் ஒழுங்காக வாய் மூடி நிற்கிறார்கள் என்ற திருப்தியில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

கார்களுக்குத் தகடு அடிக்கும் அந்தக் கம்பெனி மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து சைக்கிள் ஷெட் ஓரமாக நிற்கும். அதன் பின்பாதியில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்னப் பெட்டி அறை. உள்ளே போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் காது டெஸ்ட். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்தும்போது அவருடைய முழங்கை லேசாக அசையும். ஆறு வருடங்களுக்கு முன் சுமலதாதான் அதைக் கண்டுபிடித்தாள். அதற்கு முந்தைய வருடம் மூன்று பேருக்குக் காது சரியில்லை என்று வந்து, கான்ட்ராக்டர் அந்த மூன்று பேருக்கும் கேட் பாஸைப் புதுப்பிக்காமல் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். முழங்கை தெரிந்தபிறகு பிரஸ் ஷாப்பில் ஒருவர்கூட ஃபெயில் ஆகவில்லை.

"ஞாயித்துக்கெழம கச்சேரி எப்பிடிப் போச்சு?" என்று வினோதாவின் உதடுகள் கேட்டன. "பேரிகை கல்யாணம்னியே. உங்க லட்சுமியம்மா ஊரு. அந்தம்மா சொந்தக்காரங்க யாராச்சும் வந்து மாலை போட்டாங்களா?"

"போச்சு."

"போச்சுன்னா? வந்த பாதையிலயே போச்சா?"

சுமலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வார நாட்களில் தகடு அடிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமைகளில் முனிவேலின் இசைக்குழுவில் பாடினாள். பேரிகை லட்சுமியின் பாட்டுகள் மட்டும். 'நம்ம ஊர் லட்சுமி' என்று போஸ்டரில் போடுவார்கள். பாட்டுக்குப் பாட்டு நடுவில் லட்சுமியின் கதையைச் சொல்வதும் அவள் வேலைதான். மைக்கைப் பிடித்தால் தேதி மாறாமல் வரும். பேரிகையில் கூலி வேலை செய்தவர்களின் மகள். பிறந்தபோது வைத்த பெயர் முனிலட்சுமி. டூரிங் டாக்கீஸ் படத்துக்கு மாட்டு வண்டியில் மைக் கட்டி விளம்பரம் செய்தவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொள்ள, வண்டிக்குப் பின்னால் ஓடிவந்த ஒன்பது வயதுப் பெண்ணின் கையில் மைக் வந்தது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். மெட்ராசுக்குப் போனபோது மூன்று மொழிக்கும் உச்சரிப்பு சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. பத்தொன்பது வயதில் முதல் பாட்டு. பெயரில் 'முனி' இருந்தால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள் என்று சொல்லி ரிக்கார்டிங் அன்றைக்கே அதை எடுத்துவிட்டார்கள். முப்பத்தொரு வருடம். நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு.

"எப்பவும் கண்ண மூடிக்கிட்டுத்தான் பாடுவாங்க," என்று சுமலதா மேடையில் சொல்வாள். "ஏன்னு கேட்டதுக்கு அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்க. கண்ண மூடினா பேரிகைல இருக்கேன், தொறந்தா நாப்பது பேரு பிடிலோட என்னையே பாக்கறாங்க, பயமா இருக்குன்னு." இந்த இடத்தில் கூட்டம் கைதட்டும்.

அதே பேட்டியின் கடைசிப் பகுதியை மட்டும் அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஐம்பது வயதில் ஒரு ரிக்கார்டிங்கில், பாட்டை எடுக்க வேண்டிய இடம் தவறிவிடுமோ என்று லட்சுமி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இசையமைப்பாளரின் கையையே பார்த்தார். பாட்டு சரியாகத்தான் வந்தது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "காதுல வாங்க வேண்டியத கண்ணால வாங்கிட்டேன். போதும்" என்றார். அன்றைக்கு அந்த ஸ்டுடியோவில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்களாம். அடுத்த மாதமே பாராட்டு விழா. அதன்பிறகு அவர் பாடவில்லை. இப்போது மைசூரில் இருக்கிறார். பிறந்தநாளுக்கு டி.வி.க்காரர்கள் வீடு தேடிப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாணத்தில் கடைசிப் பாட்டு. சரணத்துக்கு முன்னால் எல்லாக் கருவிகளும் நின்றுவிடும். முனிவேலின் கீபோர்டிலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் மூன்று முறை குலுங்கும். மூன்றாவது குலுக்கலின் வாலைப் பிடித்துக்கொண்டு குரல் மேலே ஏற வேண்டும். நூறு மேடைகளில் ஏறியிருக்கிறாள். அன்றைக்கு எல்லாம் நின்றது. அவள் காத்திருந்தாள். முன்வரிசையில் ஒரு குழந்தை சாப்பிட்ட லட்டு உதிர்வதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது முனிவேல் கீபோர்டின் மேலிருந்து தலையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இறங்கியதும் சண்டைக்குப் போனாள். "சலங்கைய ஏம்ப்பா விட்டுட்ட?"

"விடலக்கா," என்றான் முனிவேல். ஒயரைச் சுற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ரெண்டு ரவுண்டு அடிச்சேன். ஆறு சலங்கை."

"ஏம்மா, கச்சேரிக்கா வந்து நிக்கறீங்க?" மாதேஷ் செல்போனைப் பைக்குள் போட்டார். "சட்டுபுட்டுனு ஆவட்டும். அங்க லைன் நிக்குது."

"நீங்க வேணா எங்களுக்குப் பதிலா உள்ள போங்க சார்," என்றாள் வினோதா, இந்த முறை குரலோடு. "உங்க காது நல்லா வேல செய்யுதான்னு நாங்களும் பாக்கணும். ஃபேன் கேட்டு ரெண்டு வருசமாச்சு."

வரிசை சிரித்தது. சுமலதாவுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர்.

அவள் திம்மப்பனை நினைத்துக்கொண்டாள். பெரிய பிரஸ்ஸில் பதினாறு வருடம் நின்றவர். போன தீபாவளிக்கு முன் ஃபோர்க்லிப்ட் பின்னால் வரும்போது எழுப்பும் கிய்க் கிய்க் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. இடது பாதம் போய்விட்டது. காது போனதால்தான் கால் போனது என்று நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டார். விசாரணை அன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் ஆறு தாள்களை மேஜையில் அடுக்கினார்கள். ஆறு வருடத்து வேன் டெஸ்ட். இரண்டு காதும் நலம், இரண்டு காதும் நலம். ஒவ்வொன்றின் கீழும் திம்மப்பனின் கையெழுத்து. "நீதான போட்ட?" என்று கேட்டபோது, கேள்வி காதில் விழாமல், கேட்டவரின் உதட்டைப் பார்த்து "ஆமாங்க" என்றாராம். முழங்கை விஷயத்தை அவருக்குச் சொன்னது சுமலதா.

அந்தத் தாள்களைக் காட்டித்தான், பிரஸ் ஷாப்பில் சத்தத்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்று காதை மூடும் பஞ்சைக்கூட இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள்.

"போக்கா," என்று வினோதா முதுகில் தட்டினாள். சுமலதா திரும்பியதும் உதட்டை மட்டும் அசைத்தாள். "முழங்கை. உம் பொண்ணு பிரவீனாவ நெனச்சுக்க. நர்சிங் இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

வேனுக்குள் டெட்டால் வாசனை அடித்தது. ஹரீஷ்குமார் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன் அவளுடைய அட்டையைப் பார்த்தான். "சுமலதா. நாப்பத்தொண்ணு. காதுல ஏனாது தொந்தரவு இருக்கா அக்கா?" கன்னட வாடையோடு கேட்டான்.

"அத நீங்கதான் சொல்லணும்."

பெட்டி அறைக்குள் நான்கு பக்கமும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கண்ணாடியைப் பார்த்துக் கிடந்தது. அவள் அதைத் தூக்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. "அக்கா, இந்தப் பக்கம் திரும்பி குந்துங்க."

"இப்பிடியே இருக்கட்டும் தம்பி."

அவன் கதவை மூடினான். ஹெட்போன் காதை அழுத்தியது. முதலில் தூரத்து லாரியின் ஹாரன் மாதிரி ஒன்று. விரலைத் தூக்கினாள். அடுத்தது பாட்டில் வாயில் யாரோ ஊதுவது போல. தூக்கினாள். மூன்றாவது அதைவிட மெல்லியது, கூர்மையானது. அதற்கும் தூக்கினாள். உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்தது. முனிவேல் பொய்தான் சொல்லியிருக்கிறான் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

ஓர் இடைவெளி விட்டு இன்னொரு காதிலும் அதே மூன்று வந்தன, தூக்கினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. ஸ்பாஞ்சில் இருந்த சின்னச் சின்னத் துளைகளைப் பார்த்துக்கொண்டு, விரலை மடியில் தயாராக வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே ரொம்ப ஆழத்தில் பூச்சி கத்துவது போல ஒரு ரீங்காரம் இருந்தது. அது மெஷினிலிருந்து வருவதா என்று உன்னித்தாள். ஹெட்போனை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. எல்லோருக்கும் அது இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

தோளில் கை பட்டபோதுதான் கதவு திறந்ததே தெரிந்தது.

"ஆயிடுச்சுக்கா," என்றான் ஹரீஷ்குமார். அவள் அவன் உதட்டைப் பார்த்தாள்.

"எத்தன வெச்சீங்க?"

"ஒரு காதுக்கு ஆறு. ரெண்டு காதுலயும் மொதல் மூணுக்குத்தான் கை வந்துச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, இங்க எல்லாரும் என்னைப் பாத்துத்தான் தூக்கறாங்க. எனக்குத் தெரியும். நானும் ஒண்ணும் சொல்றதில்ல. நீங்களும் திரும்பி குந்துங்க, இன்னொரு வாட்டி வெக்கறேன், எல்லாம் சரியா வந்துடும். இப்படியே எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

வேனின் தகட்டை யாரோ தட்டினார்கள். அவளுக்கு அது கால் வழியாகத் தெரிந்தது. மாதேஷாகத்தான் இருக்கும். ஹரீஷ்குமாரின் கையில் தாள் இருந்தது. ஆறு கட்டங்கள் கொண்ட இரண்டு வரிசைகள், முதல் மூன்றில் மட்டும் டிக். கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. வாசலுக்கு வெளியே வினோதா எட்டிப் பார்த்து, உதட்டை அசைத்து என்னவோ சொன்னாள். சுமலதா அதைப் படிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரைப் பார்த்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கடேசி மூணையும் இன்னொரு வாட்டி வைங்க தம்பி," என்றாள். "கேக்கலன்னா, கேக்கலன்னே எழுதிக் குடுங்க."

பின்னால் அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவு மூடியதா என்பதும் தெரியவில்லை. கறுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் பாதி தூக்கியபடி காத்திருந்தாள்.