மணலுக்குத் தண்ணீர்

உலையின் வாயை அடைத்திருந்த களிமண்ணை, ஆட்களை மேய்க்கும் மண்டோர் கம்பியால் குத்தினார். இரும்புக் குழம்பு வெள்ளையாகப் பொங்கி வாளியில் விழுந்தது. வாளியைத் தாங்கும் கம்பத்தின் முன்முனை தம்புசாமியின் கையில் இருந்தது, பின்முனை கபிரியேலிடம். இருவரும் ஒரே அடியாக நடந்தார்கள். ஒருவன் தடுமாறினால் மற்றவனின் கால் வெந்துபோகும்.

செந்தூலில் இருந்த அந்த வார்ப்பட்டறையில் ஈயச் சுரங்கங்களுக்குப் பம்பு உருப்படிகள் வார்த்தார்கள். தரையெல்லாம் கறுப்பு மணல். ஈரம் குறைந்தால் மணல் அச்சு உடைந்துவிடும் என்பதால், மணி அடிக்கும்போதெல்லாம் வாசு பூவாளியோடு வந்து குவியல்களை நனைத்துவிட்டுப் போவான். ஆட்களுக்குக் குழாய் முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது, கக்கூசும் அங்கேதான். போக வேண்டுமென்றால் கணக்கெழுதும் கிராணியின் ஜன்னலில் தொங்கும் தகர வில்லையை வாங்க வேண்டும். நாற்பது பேருக்கு இரண்டு வில்லைகள். ஒருவன் ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் கேட்டால் கிராணி பேரை எழுதிக்கொள்வார்.

கபிரியேல் பதினோரு வருஷமாக அதற்கேற்ப உடம்பைப் பழக்கி வைத்திருந்தான். விடியற்காலையில் ஒரு கோப்பை கறுப்புத் தேத்தண்ணி. மத்தியானம் உப்புப் போட்ட கஞ்சி, சுட்ட கருவாடு, சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த பசலைக்கீரை. சாயங்காலம் வரை வேறு எதுவும் தொண்டையில் இறங்காது. வேர்வை சட்டையில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும்.

அச்சை நெருங்கும்போது இடது முதுகுக்குக் கீழே யாரோ கொக்கி மாட்டி இழுத்தது போலிருந்தது. வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. அவன் கம்பத்தை விடவில்லை. அச்சு நிரம்பி, வாளி தரையில் உட்கார்ந்த பிறகுதான் மணலில் சரிந்து வாந்தி எடுத்தான்.

"என்னா கபிரியேலு, மூணாம் மாசமா?" என்று சிரித்த தம்புசாமி, திரும்பி அவன் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மூத்திரத்தோடு கல் விழுந்தது. வைத்தியம் பார்த்த டிரெசர் வாலண்டைன் அதை ஒரு பீங்கான் தட்டில் வைத்து நீட்டினார். மிளகில் பாதிகூட இல்லை. அது முள்முள்ளாக இருந்தது.

"இதுக்காய்யா அவ்ளோ கத்துனேன்?" என்றான் கபிரியேல்.

கட்டிலருகே நின்ற அவன் மனைவி உர்சுலா தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் பாவி. ரங்கூன் அரிசியில பொடிக்கல்லு கெடக்கும். வெளக்கு வெளிச்சத்துல சரியாப் பொறுக்கல."

"அட, அது இல்லம்மா. அரிசிக் கல்லு வேற வழியில போயிரும். இது உள்ளேயே வெளையுறது." வாலண்டைன் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "உப்பு, கருவாடு கொறைக்கணும். பசலை தினமும் வேணாம். எல்லாத்துக்கும் மேல, தண்ணி. பார்லி போட்டுக் காய்ச்சிக் குடு. வேலையில மட்டும் ரெண்டு போத்தலாவது குடிக்கணும். மூத்திரம் தெளிவாப் போகணும்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவை போகணுங்கய்யா?"

"ஏழெட்டுத் தடவை போனா நல்லது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"தண்ணிக்கு என்னாப்பா கஞ்சத்தனம்? காசா பணமா? விட்டா மறுபடி வெளையும். அடுத்தது இவ்ளோ சின்னதா இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

உர்சுலா பிரிக்பீல்ட்ஸில் பழைய பியர் போத்தல் இரண்டு வாங்கிச் சாம்பலால் தேய்த்துக் கழுவினாள். கருவாட்டுப் பானையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். விடிவதற்கு முன்பே பார்லி கொதித்தது. "வடிகட்டித்தான் ஊத்தியிருக்கேன். பார்லி அரிசி ஒண்ணு ரெண்டு எறங்கியிருக்கும், மென்னுடுங்க" என்று தக்கையை அழுத்தி மூடிக் கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானத்துக்குள் கபிரியேல் ஒரு போத்தலைக் குடித்து முடித்தான். இரண்டு தடவை வில்லையும் வாங்கிவிட்டான். மூன்று மணிக்கு மறுபடி ஜன்னலில் போய் நின்றான்.

"கக்கூச வாடகைக்கு எடுத்திருக்கியா?" என்றார் சபாபதி கிராணி, தலை நிமிராமல்.

"டிரெசர் தண்ணி குடிக்கச் சொன்னாருங்கய்யா. கல்லு வந்துச்சு."

"அப்ப அவரையே வந்து வாளியைத் தூக்கச் சொல்லு." பேனா ஓடியது. பிறகு அவர் குரல் தணிந்தது. "என்மேல கோவிக்காத. சனிக்கிழமைக்கு சனிக்கிழமை வேலைய விட்டு நிப்பாட்ட தொரை ஆறு பேரு கேக்குறாரு. யார எழுதுறதுன்னு அவரு சொல்றது இல்ல. சீக்காளி, சோம்பேறி, அடிக்கடி வெளிய போறவன், இவங்களத்தான் நான் எழுத முடியும். இன்னொரு தடவை உம்பேரு இதுல வந்தா, எங்கையில ஒண்ணும் இல்ல."

சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. பட்டறையில் நின்றுபோனவர்கள் வேறு வேலை கிடைக்காமல் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சர்க்கார் செலவில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். கபிரியேல் பிறந்தது செந்தூலில். நாகப்பட்டினத்தை அவன் பார்த்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஆறு பேருக்கு வேலை போயிற்று. அதில் வாசுவும் ஒருவன்.

திங்கட்கிழமை கபிரியேல் போத்தல்களைத் திறக்கவில்லை. அவை தூணுக்குப் பின்னால், சட்டைக்கு அடியில் இருந்தன. கஞ்சியை மட்டும் குடித்தான். அதில் உப்பு குறைவாக இருந்தது.

"கருவாடு இல்லாம கஞ்சி எப்படிடா எறங்குது?" தம்புசாமி தன் துண்டில் பாதியைப் பிய்த்து நீட்டினான். "இந்தா. உப்புத் திங்காத ஒடம்பு ஒலைகிட்ட நிக்குமா?"

கபிரியேல் வாங்கித் தின்றான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போத்தல் பக்கம் பார்த்தான். வார்ப்பு இன்னும் இரண்டு தடவை பாக்கி இருந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அடிவயிறு முட்டித் தடுமாறினால், வேகும் கால் தம்புசாமியுடையது.

"மணல் காயுது!" மண்டோரின் குரல் கூரைத் தகரத்தில் மோதியது. "வாசு போயிட்டா மணலுக்குத் தாகம் எடுக்காதா? கபிரியேலு, நாளைக்கு அச்சு பிடிக்கிற குவியல் அது. தண்ணி காட்டு."

பூவாளி காலியாகக் கிடந்தது. குழாய்க்குப் போக வில்லை வேண்டும். வில்லைகள் இரண்டும் வெளியே போயிருந்தன. கபிரியேல் தூணுக்குப் பின்னால் போனான். இரண்டு தக்கைகளையும் பல்லால் இழுத்து எடுத்தான். ஒரு போத்தலின் வாயை உதட்டருகே கொண்டுபோய் ஒரு கணம் நின்றான். பிறகு இரண்டையும் குவியலின்மேல் சாய்த்துப் பிடித்தான். மணல் சத்தமில்லாமல் குடித்தது.

சாயங்காலம் உர்சுலா போத்தல்களைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"ரெண்டையுமா குடிச்சீங்க?"

"ம்."

"மாதா காப்பாத்துனா. தெளிவாப் போகுதா?"

"போகுது."

அவள் அடுப்பில் மறுபடி பார்லியை ஏற்றினாள்.

மறுநாள் காலையில் மண்டோர் அந்தக் குவியலில் ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கி, உள்ளங்கையை விரித்தார். மணல் உதிரவில்லை. ஐந்து விரல்களின் தடமும் அப்படியே பதிந்திருந்தது.

"இதான் பதம்" என்றார். "தினம் இந்த ஈரம் இருக்கட்டும். இனிமே இது உன் பொறுப்பு."

கபிரியேல் தலையாட்டினான். முதுகின் இடது பக்கம் கை தானாகப் போயிற்று. மண்டோரின் கையிலிருந்த கறுப்பு உருண்டையில், பெருவிரல் தடத்துக்குப் பக்கத்தில், வெந்து வெளுத்த பார்லி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.