கேளாத ஒரு டாலர்

"அந்தப் படகைக் கொண்டுபோய் அவங்க வாசல்லயே கட்டிட்டு வந்துடுப்பா தாடியஸ். வேண்டாம்னு சொல்லு."

"என்ன பேசற ஒடெஸ்ஸா? நேத்து சாயங்காலம் நண்டுக்கூண்டை எடுக்கப் போனா, என் துறையில என் படகு நிக்குது. கழுவித் துடைச்சு எண்ணெய்கூட ஊத்தி வெச்சிருக்கானுங்க. என் படகை நானே வேண்டாம்பேனா?"

"உனக்கு வந்துடுச்சு. என் வேன்? அது இன்னும் போலீஸ் கொட்டடியிலதான் துருப்பிடிச்சுக் கிடக்கு. உன் பேர்ல நடக்கிற வழக்குதான் எனக்கும் வழக்கு, தெரியுமில்ல?"

"நான் கேட்டா கொண்டுவந்தான்? கேக்காமலே கட்டிட்டுப் போயிட்டான்."

கற்றறிந்த அன்பரீர், இச்சொற்போர் நிகழ்ந்த இடம், வெண்பனியை வெட்டியடுக்கி வெயிலுக்கும் உருகாதவாறு காவலிட்டாற்போல் வாசிங்டன் நகரின் மேட்டில் நின்றொளிரும் உச்ச மன்றத்தின் படிக்கட்டு. பொழுதோ, இளவேனிற் கதிர் தூண்களின் தோள்தொட்டு இறங்க, உதிர்ந்த செர்ரிப் பூக்களைக் காற்று கூட்டிக் கூட்டிக் களைக்க, உள்ளே இடம்பெற வந்தோர் காப்பிக் குவளைகளை ஏந்தி வரிசையில் நெளிந்து நின்ற காலை. அங்கே வீற்றிருக்கும் நடுவர் ஒன்பதின்மர் வாய் திறந்தால், அச்சொல் மலைமேற் பெய்த மழைபோல் ஐம்பது மாநிலங்களிலும் இறங்கியோடிச் சட்டமாகிவிடும். ஆயினும் தாமாக அவர் வாய் திறவார். உயிருள்ள ஒருவர் உண்மையான இழப்பொன்றை ஏந்திவந்து முறையிட வேண்டும். அவ்விழப்புத் தீர்ப்பு நாள்வரை ஆறாப் புண்ணாய் இருக்கவும் வேண்டும். புண் ஆறிற்றெனில், ஊரெல்லாம் அந்நோயில் கிடந்து புரண்டாலும் மருத்துவர் எழுந்து போய்விடுவார். பல்லாண்டு அந்நாட்டில் வாழ்ந்தும் எனக்கு இன்றளவும் செரிக்காத முறை இதுவே.

செசபீக் விரிகுடாவின் கீழ்க்கரையில் நண்டு பிடித்துப் பிழைப்பவன் தாடியஸ் விம்ப்ரோ. அவன் அக்காள் மகன் அவனறியாமல் படகின் அடித்தட்டில் போதைப் பொதியொன்றை மறைத்துவைக்க, மாவட்டக் காவலர் அம்மருமகனைச் சிறைக்கும் படகைக் கொட்டடிக்கும் அனுப்பினர். அண்டை வீட்டு ஒடெஸ்ஸா பர்னெல், முதியோரை மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்லும் தன் ஊர்தியை இரவல் வாங்கிச்சென்ற குடித்தனக்காரன் புரிந்த குற்றத்தால், அவ்வூர்தியையும் அதனால் வந்த பிழைப்பையும் ஒருங்கே இழந்தாள். பிறன் செய்த பிழைக்கு அதனை அறியாதவர் உடைமையைப் பறிக்கலாம் என்று பழைய நெறி கூறிற்று. அதனை மாற்றவல்லார் அவ்வொன்பதின்மரே. ஆற்று மணலெனக் குவியும் முறையீடுகளுள் மிகச் சிலவற்றையே, அதுவும் நால்வரேனும் இசைந்தால் மட்டுமே, அவர் செவிமடுப்பர். தாடியஸின் முறையீட்டுக்கு அந்நால்வர் வாய்த்தனர். தோற்றால் கொட்டடியையே திறந்துவிட நேருமென அஞ்சிய மாவட்டத்தார், எல்லாவற்றையும் காக்க ஒன்றை மட்டும் திருப்பித் தந்தனர்.

தாடியஸ் சார்பில் வழக்குரைக்கும் கான்ஸ்டன்ஸ் பிளெய்ன் படியேறி வந்தாள். உறங்காத கண்கள் சிவந்திருந்தன.

"வக்கீலம்மா, நான் படகை வாங்கிக்கலைன்னு சொல்லிட்டா?" என்றான் தாடியஸ்.

"சொல்லி என்னங்க ஆகப்போகுது? 'இந்தப் படகு மேல எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை'ன்னு மன்றத்திலேயே எழுதிக் குடுத்துட்டாங்க. இனி நீங்க அதைக் கடல்ல மூழ்கடிச்சாலும், உங்க படகை நீங்களே மூழ்கடிச்ச கணக்குதான்."

"பறிக்கும்போதும் கேக்கல, திருப்பித் தரும்போதும் கேக்கல. நல்ல மரியாதை" என்றாள் ஒடெஸ்ஸா.

உள்ளே மன்றத்தின் செந்திரை விலகிற்று, கருவுடை நடுவர் ஒன்பதின்மரும் தத்தம் இருக்கையில் அமர்ந்தனர். கான்ஸ்டன்ஸ் முதல் தொடரை முடிக்குமுன்னரே, முதிய நடுவர் ஒருவர் முன்சாய்ந்து வினவினார்.

"வழக்கறிஞரே, அந்தப் படகு இப்போ யார்கிட்ட இருக்கு?"

"என் கட்சிக்காரர்கிட்ட."

"அப்போ நாங்க அவருக்குக் குடுக்க என்ன மிச்சம் இருக்கு? இழப்பீடு ஏதும் கேட்டிருந்தீங்களா? பேருக்கு ஒரு டாலராவது?"

"இல்லை, மாண்பமை நடுவரே."

அந்த 'இல்லை'யில் அடங்கிக் கிடந்தது அத்தனையும். படகு மீண்டாலும், நேர்ந்துபோன தீங்குக்கென ஒரேயொரு டாலர் கேட்டிருந்தால் வழக்கு உயிரோடிருக்கும். அது அம்மன்றத்தின் நெறி. வழக்கு தொடுத்த நாளில் கான்ஸ்டன்ஸ் அதனை எடுத்துரைக்கத்தான் செய்தாள். "படகைப் பறிச்சவன்கிட்டப் போய்ச் சில்லறை கேக்கறவனை எங்க கரையில நண்டுகூட மதிக்காதும்மா" என்று தாடியஸ் தலையாட்டி மறுத்தான். செம்மாந்து நின்ற அவ்வெளிய மனிதனின் மானத்தைக் கண்டு மகிழ்ந்த அவளும், கற்ற கல்வியைக் கணநேரம் கைவிட்டு, மனுவில் ஒரு டாலர் கேட்ட வரியை அடித்துவிட்டாள்.

"கேள்வி பெரிய கேள்விதான். எனக்கும் அதுக்குப் பதில் சொல்ல ஆசைதான்" என்றார் நடுவர், பரிவோடு. "ஆனா அதைக் கேக்க வேண்டிய ஆள் இங்க இல்லையே."

கேட்க வேண்டியவள் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். ஒடெஸ்ஸா பாதி எழுந்தாள். பார்க்க வந்தோர் வாய் திறந்தால் வெளியேற்றப்படும் அவையது. காவலன் ஒருவன் திரும்பி நோக்கிய நோக்கில், எழுந்த பாதியும் மெல்ல அமர்ந்தது.

அங்கு வழக்குரைப்போர் மேசையில் வெள்ளை இறகுப் பேனாக்களை வைத்து, நினைவாக எடுத்துச்செல்ல விடுவது தொன்றுதொட்ட வழக்கம். படியிறங்கிய கான்ஸ்டன்ஸின் கையில் அவற்றுள் ஒன்றிருந்தது.

"பரவாயில்ல, இறகாவது குடுத்தாங்களே" என்றாள் ஒடெஸ்ஸா. "கோழியை அவங்களே வெச்சுக்கிட்டாங்க."

கோடை தொடங்குமுன், தீர்ப்பதற்குப் பூசல் ஏதும் எஞ்சவில்லை என்று இரண்டே வரியில் மன்றம் வழக்கைத் தள்ளிற்று. பழைய நெறி பாசிபடிந்த பாறைபோல் அசையாதிருந்தது. ஒடெஸ்ஸாவின் பெயரால் கடைநிலை மன்றத்தில் புதுவழக்குத் தொடுக்கக் கான்ஸ்டன்ஸ் கீழ்க்கரைக்கு வந்தபோது, தாடியஸும் உடனிருந்தான், நிலத்தினின்று கண்ணெடுத்தானில்லை.

"மேல வரைக்கும் போக வருஷக்கணக்கு ஆகும்" என்றாள் கான்ஸ்டன்ஸ். "கடைசிப் படியில நிக்கும்போது வேனைக் கொண்டுவந்து வாசல்ல விட்டாலும் விடுவாங்க. இந்தத் தடவை அந்த ஒரு டாலரையும் சேர்த்துக் கேட்டு வழக்கை விடாம இழுத்துப் பிடிக்கலாம். ஆனா 'பிரச்சினையை முடிச்சுக்கலாம், கையெழுத்துப் போடு'ன்னு உங்ககிட்ட கெஞ்சுவாங்க. அப்போ என்ன பண்ணுவீங்க?"

ஒடெஸ்ஸா விரிகுடாவை நோக்கியவாறே விடையிறுத்தாள்.

"போடுவேம்மா. வேன் வந்தா எனக்குச் சோறு. அவங்களுக்கும் அது தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம்."

அறத்தின் ஆறு ஓடுவதற்கு ஓர் ஏழையின் புண்ணைத் தவிர வேறு வாய்க்கால் வெட்டாத நாட்டில், அப்புண்ணுக்கு மருந்திடுவோனே ஆற்றை அடைப்போனும் ஆகின்றான். இதில் நடுவரை நோவதா, நெறியை நோவதா, பசியை நோவதா என்று எனக்குத் துணியக் கூடவில்லை. அன்பரீர், நீங்கள் ஒடெஸ்ஸாவாக இருந்தால், ஊரார் உடைமை கொட்டடியில் கிடக்கக் கையெழுத்திட்டு உங்கள் ஊர்தியைப் பெற்றுக்கொள்வீர்களா? என் மனம் குளிர எழுத வேண்டா. உள்ளதை உள்ளபடி மறுமொழியில் எழுதுங்கள்.