கடுகு மறந்த ராமலட்சுமி

ராமலட்சுமிக்கு மறதி வந்துவிட்டது என்று பாளையம்பட்டி முழுக்கப் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டதே அவளுடைய வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன்தான்.

எண்பத்தாறாம் வருஷம் மிளகாய் வத்தல் கமிஷன் கடையை மகன் சுப்புராஜ் கையில் ஒப்படைத்துவிட்டு மனுஷர் வீட்டில் உட்கார்ந்தார். "ஒழைச்சது போதும்ப்பா" என்று மகன் ஒரு பிரம்பு நாற்காலியை வாங்கிப் போட்டான். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்த நாற்காலி ஆளையே விழுங்க ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன்னே "சோறு போடலையா?" என்பார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நிற்பார்.

ராமலட்சுமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுடைய மாமனாரும் இப்படித்தான் ஆரம்பித்தார். கடைசியில் சோறூட்டிய பெண்டாட்டியையே "நீ யாரும்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி தன்னிடம் வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுடைய வேண்டுதல். ஆனால் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ரகமா அவள்?

ஒரு காலையில் மஞ்சப்பையை அவர் கையில் திணித்தாள். "ஏங்க, பஜாருக்குப் போயி புளி, வெந்தயம், தேங்கா வாங்கியாங்க. எழுதித் தர நேரமில்ல."

முணுமுணுத்துக்கொண்டே போனவர் வெந்தயத்தை விட்டுவிட்டு வந்தார். அவள் சொல்லிக் காட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, "அய்யோ, கடுகு சொல்ல மறந்துட்டேனே! இன்னொரு நடை போயிட்டு வாங்க. அப்படியே வெந்தயமும்" என்றாள். டப்பா நிறையக் கடுகு இருந்தது.

அன்றிலிருந்து தினமும் எதையாவது மறந்தாள். சாயங்காலமானால் சொந்தபந்தம். "பரளச்சியில தங்கம்மா மகளைக் கட்டுனவுக பேரு என்னங்க? வாய்ல வரமாட்டேங்குது." அவர் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பேரை இழுத்துவந்து, கல்யாணத்தில் பாயசம் தீய்ந்த கதைவரைக்கும் போய்விடுவார். ஒரு வெள்ளாமை வீடு வந்து சேர்வதற்குள் வெந்தயம் மறப்பது நின்றது. சட்டையும் நேரானது.

வினை அங்கேதான் வந்தது. தலை தெளிந்தவர், பெண்டாட்டி தினமும் எதையாவது மறப்பதைக் கவனித்தார். பதறிப்போய் மகனிடமும் பஜாரில் பார்த்தவர்களிடமும் சொன்னார்.

சுப்புராஜ் ஓடி வந்தான். "அம்மா, இனிமே நீங்க அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. சமையலுக்கு ஆள் சொல்லிட்டேன். இதுல உக்காருங்க" என்று அதே பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ராமலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கா மறதி?" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் ரோஷக்காரர். உண்மையைச் சொன்னால் பையை வீசிவிட்டு மறுபடி நாற்காலியில் போய் விழுவார். மறதிக்காரிப் பட்டம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

சௌந்தரபாண்டியன்தான் நாற்காலியைக் காலால் தள்ளினார். "அதுல உக்காந்து நான் என்ன ஆனேன்னு எனக்குத் தெரியும்லே. அவ என்கூட நடந்து வரட்டும்."

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் பஜாருக்குப் போனார்கள். வழியெல்லாம் கேள்வி. "இது யாரு வீடு? நேத்து என்ன கொழம்பு வச்ச?" அவள் பாதியை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் நரிக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருத்தி, "சித்தி, நல்லாருக்கீகளா?" என்று அவள் கையைப் பிடித்தாள். தெரிந்த முகம்தான். பேர் வரவில்லை. தேடித்தேடிப் பார்த்தும் நிஜமாகவே வரவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிற? நம்ம ரத்தினம் அண்ணாச்சி மக முத்துத்தாயி. இவ கல்யாணத்துக்கு நீதான சடை பின்னிவிட்ட?"

முத்துத்தாய் போனதும், பஜாரில் நாலு பேர் பார்க்க, ராமலட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தான் மறந்தாலும் இவருக்குத் தெரியும் என்கிற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கடுகு வாங்கணுமில்ல?" என்றார்.

"வேண்டாங்க. டப்பா நெறைய இருக்கு. எப்பவுமே இருந்துச்சு."

அவர் நின்றார். இத்தனை நாள் வாங்கிய கடுகையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு மஞ்சப்பையை அவள் கையில் கொடுத்தார்.

"சரி, நாளையிலருந்து நீ ஞாபகம் வச்சுக்க. நான் மறக்குறேன்."