பச்சைப் பொடி தூவிய வரிசைகள்

அரிசியை அரைவேக்காடாக அவித்துப் பையில் கட்டி, அதில் பூஞ்சை வளர்ப்பதுதான் தைலமரத் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் என் வேலை. சில நாளில் சோறு முழுக்கப் பச்சைப் பொடி பூத்துவிடும். கரையானுக்கு அது எமன். "எனக்கு ஒரு நாளாவது இவ்வளவு பதமா ஆக்கிப் போட்டிருக்கியா?" என்று என் வீட்டுக்காரர் வம்பிழுப்பார்.

வம்பிழுக்கும்போதே கையிலிருக்கும் டீ தளும்பும். அதே தோட்டத்தில் வருடக்கணக்காகக் கரையான் விஷம் அடித்த கை. இனி விஷத்தைத் தொட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்றுவிட்டார் டாக்டர். மேனேஜர் அவரை மரக்கன்றுப் பண்ணைக்கு மாற்றினார். "உங்க பொடி பலிச்சா விஷத்தையே நிறுத்திடலாம். இல்லேன்னா அவருக்குப் பழையபடி விஷப் பம்புதான்" என்று என்னிடம் கறாராகச் சொன்னார்.

எனக்கென்று ஒதுக்கிய வரிசைகளில் ஒவ்வொரு கன்றின் வேரடியிலும் என் கையாலேயே பொடி போட்டேன். மழை ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தன. பிடுங்கினால் வேரே இல்லை. பூஞ்சை செத்துக் கிடக்க, கரையான்கள் விருந்தாளி மாதிரி கொழுத்துத் திரிந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"நான் வேற உன் கன்னுங்கள அப்படிக் கவனிச்சேனே!" என்றார் பாவமாக.

"என்னத்தக் கவனிச்சீங்க?"

"மத்த கன்னுக்கெல்லாம் வேரழுகல் மருந்து ஊத்து, உன்னோடதுக்கு மட்டும் வேணாம்னார் மேனேஜர். கஞ்சப் பிசினாறி! என் பொண்டாட்டி கன்னுன்னா இளக்காரமான்னு, நடுறதுக்கு முன்னாடி ரெண்டு பங்கா ஊத்திவிட்டேன்."

வேரழுகல் மருந்து எந்தப் பூஞ்சையையும் அடியோடு அழித்துவிடும். 'கெடுத்தீங்களே!' என்று வாய்வரை வந்தது. பெருமை பொங்கும் அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? விழுங்கிக்கொண்டேன்.

விடிந்ததும் மேனேஜரிடம் ஓடினேன். "கன்னுல வேரழுகல் மருந்து பட்டுடுச்சு சார். பொடி மேல தப்பில்ல. இன்னொரு தடவ பாக்கலாம்."

"எவன் ஊத்தினான்?"

வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "நான்தான்" என்றேன்.

"இது கூடவா தெரியாது உங்களுக்கு? விஷம் வந்து இறங்கியாச்சு. நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

வீட்டில், பொடி பலிக்கவில்லை, என்னை நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்!

"இவனுங்கெல்லாம் உருப்படுவானுங்களா? நீ ஏன் அழுற? நான் இருக்கேன்ல" என்றார்.

மறுநாள் காலை விஷப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.